பவுடர் மருந்தை வெளியூர்ல கலக்கிக் குடிக்க எந்த பாட்டில் வாங்குறது? பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுற முழு வழிகாட்டி

போன பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ நெல்லை எக்ஸ்பிரஸ்ல நடந்த கூத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு ராத்திரி மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி ஒரு ஸ்பூன் குடிச்சே ஆகணும். வீட்ல டம்ளர்ல கலக்கி அந்த நிமிஷமே குடிச்சிடுவாரு, ஒரு தொல்லையும் இல்ல. ரயில்ல டம்ளருக்கு எங்க போறதுன்னு ஆன்லைன்ல 700 ரூபாய்க்கு ஒரு அழகான பாட்டில் வாங்கி வச்சிருந்தேன், உள்ள ஸ்ட்ரா, மேல பட்டனை அமுக்குனா டப்புனு திறக்குற மூடி. பாட்டில் வாய் சின்னது, அதனால பவுடர்ல பாதி பெர்த்துலயே கொட்டிடுச்சு. மீதியப் போட்டு குலுக்கிட்டு இருக்கும்போது டிடிஇ வந்துட்டாரு, டிக்கெட்டு ஆதாருன்னு காட்டி முடிச்சுட்டு திரும்புனா உள்ள மொத்தமும் கெட்டியா நிக்குது. ஸ்ட்ராவுல ஏறவே மாட்டேங்குது. அப்பா பாட்டிலை கவுத்துப் பாத்துட்டு "என்னடா இது கடல்பாசி மாதிரி ஆடுது, இதக் குடிக்கணுமா கடிச்சுத் திங்கணுமா"ன்னு கேட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு வருஷமா நாலஞ்சு பாட்டில், ரெண்டு ஷேக்கர், எக்கச்சக்க டப்பான்னு வாங்கிப் பாத்தாச்சு. அப்பாவோட இசப்கோல், அம்மாவோட சூரணம், அத்தைக்கு வாரம் ஒரு தடவை வைட்டமின் டி, என் பொண்ணுக்கு அடிக்கடி ஓஆர்எஸ் (வயித்துப்போக்குக்குக் குடுக்குற உப்பு-சர்க்கரைப் பவுடர்), எல்லாம் நான்தான் பாக்குறேன். இதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா நாம எல்லாரும் முதல்ல பாட்டிலைப் பாக்குறோம், ஆனா முதல்ல பாக்க வேண்டியது பவுடரை, அது தண்ணில விழுந்ததும் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு எந்தப் பாத்திரம்னே முடிவு பண்ண முடியும். மருந்தோட அளவு, யார் குடிக்கலாம், எப்போ குடிக்கலாம் இதெல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான், நான் பேசப் போறது பாத்திரத்தைப் பத்தி மட்டும்.

படி 1: உங்க பவுடர் தண்ணில என்ன பண்ணுதுன்னு பாருங்க

ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து, குடிக்கிற நேரத்துக்கு உங்க ஒரு வேளை மருந்தைக் கலக்கி ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா வேடிக்கை பாருங்க, அப்புறம் குடிச்சிடுங்க. பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

சிலது முழுசா கரைஞ்சு போயிடும். ஓஆர்எஸ், குளுக்கோஸ், மலச்சிக்கலுக்குக் குடுக்குற பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் எல்லாம் இந்த ரகம். கடைசியா சொன்னது வழக்கமா 17 கிராம், 120ல இருந்து 240 மில்லி தண்ணில போட்டா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சு தண்ணி மாதிரியே ஆயிடும். இதுக்கெல்லாம் எந்த பாட்டிலும் ஓகே, ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும், விழுங்க கஷ்டப்படுற பெரியவங்களுக்கு தண்ணியைக் கெட்டியாக்க ஒரு ஸ்டார்ச் பவுடர் குடுப்பாங்க இல்லையா, அதோட இந்த பாலிஎத்திலீன் கிளைக்காலைச் சேத்தா கெட்டியா இருந்தது மறுபடி நீர்த்துப் போயிடும், அது புரையேறுற ஆபத்து. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021லயே இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு.

சிலது கரையவே கரையாது, மிதக்கும் இல்லாட்டி அடியில மண்டியா தங்கும். நம்ம சூரணங்கள் எல்லாம் இப்படித்தான், திரிகடுகு ஆகட்டும் தாளிசாதி ஆகட்டும், அரைச்ச சரக்கு எப்படிக் கரையும். கொழுப்பு குறைக்கக் குடுக்குற கொலஸ்டிரமின், கிட்னி நோயாளிங்களுக்கு பொட்டாசியம் குறைக்கக் குடுக்குற பவுடர் இதுங்களும் மணல் மாதிரி நறநறன்னுதான் இருக்கும். இதுக்கு குலுக்குறது முக்கியம், அதைவிட முக்கியம் அடியில தங்குனதை மிச்சம் வைக்காம எடுக்க முடியுமாங்கிறது.

மூணாவது ரகம் ஊதி கொழகொழன்னு ஆகுறது, அதான் நம்ம இசப்கோல். குஜராத்ல ஊஞ்சா, சித்பூர் பக்கம் இருந்து வர்ற அந்த உமி தண்ணியைக் குடிச்சு பல மடங்கு பெருக்குது. அதுக்கு நேரம்தான் எதிரி.

அப்புறம் பொங்குற ரகம். வயித்து எரிச்சலுக்குப் போடுற உப்பு, சளியைக் கரைக்கக் குடுக்குற அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை இதெல்லாம். சிட்ரிக் ஆசிடும் சோடா உப்பும் தண்ணில சேந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்பும், அதுதான் அந்த நுரை.

கடைசியா துளியூண்டு ரகம். வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே இருக்கே, மொத்தமே 1 கிராம்தான். பெரிய ஷேக்கர்ல போட்டீங்கன்னா சுவத்துலயும் மூடியிலயும் ஒட்டுனதே கால்வாசி போயிடும். குடல்ல நல்ல கிருமி வளர குடுக்குற புரோபயாட்டிக் சாஷேயும் இப்படித்தான், அதுல இன்னொண்ணு, அது உசுரோட இருக்குற சரக்கு, வெந்நீர்ல போட்டா செத்துப் போயிடும்.

இதுல சேராத ரெண்டு இருக்கு. ஒண்ணு குழந்தைங்களுக்குக் குடுக்குற ஆன்டிபயாட்டிக் டிரை சிரப். அதை அந்த பாட்டில்லயே, அதுல போட்டிருக்குற கோடு வரைக்கும் காய்ச்சி ஆறுன தண்ணி ஊத்தித்தான் கலக்கணும், வேற எந்த பாட்டிலுக்கும் மாத்தக்கூடாது, கோடு இங்கதான் இருக்கு அளவும் இங்கதான் இருக்கு. கலக்குன பிறகு அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேந்தது மாதிரி சிலதை ஃபிரிட்ஜ்லயே வச்சு 7 நாள்ல முடிக்கணும், அதனால பயணத்துல அதுக்கு வேண்டியது ஐஸ் பேக் போட்ட சின்ன பை, பாட்டில் இல்ல. இன்னொண்ணு நிலவேம்பு குடிநீர். பேர்ல சூரணம்னு போட்டிருந்தாலும் அது தண்ணியை ஊத்திக் கொதிக்க வச்சு வத்த வச்சு வடிகட்டிக் குடிக்கிற சரக்கு, பச்சைத் தண்ணில குலுக்கிக் குடிக்கிறது இல்ல. எங்க பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் டூர் பூரா அப்படித்தான் ஷேக்கர்ல குலுக்கிக் குடிச்சிட்டு வந்தாரு, கசப்பு மட்டும் பாக்கி இல்லாம கிடைச்சிருக்கும்.

படி 2: எவ்வளவு தண்ணி? அதை வச்சு பாட்டில் சைஸ்

தண்ணி அளவைவிட மூணுல ஒரு பங்காவது பாட்டில் பெருசா இருக்கணும், நிரம்பி வழியுற பாட்டிலைக் குலுக்க முடியாது. இசப்கோலுக்கு ஒரு வேளைக்கு 240 மில்லியாவது தண்ணி வேணும், அப்போ கணக்குப்படி 400 மில்லி பாட்டில், ஆனா இதுக்கு பாட்டிலைவிட டம்ளரே மேல், அதை படி 5ல சொல்றேன். சூரணத்துக்கு அரை டம்ளர் போதும்னா 250 மில்லி டப்பாவே தாராளம். வைட்டமின் டிக்கு பாட்டிலே வேண்டாம், ஒரு சின்ன டம்ளர்ல கொஞ்சம் பால் வாங்கி கலக்கிக் குடிச்சா முடிஞ்சது. பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்னு நினைச்சு நான் 1 லிட்டர் ஷேக்கர் வாங்குனேன், அது இப்போ கிச்சன்ல துவரம்பருப்பு வச்சிருக்கு.

ஓஆர்எஸ் மட்டும் தனி கதை, இதுல அளவு தப்புனா மருந்தே தப்பு. உலக சுகாதார நிறுவனத்தோட 2002 ஃபார்முலா படி ஒரு பாக்கெட்ல சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம், இது அத்தனையும் 1 லிட்டர் தண்ணிக்கு. தண்ணி குறைஞ்சா உப்பு ஏறிடும், சின்னக் குழந்தைக்கு அது ஆபத்து. தண்ணி கூடுனா பிரயோஜனம் இல்ல. பாதி பாக்கெட்டை ஒரு டம்ளர்ல தட்டிட்டு மீதியை மடிச்சு வைக்கிறதும் தப்பு, ஏன்னா உள்ள இருக்குறது நாலு சரக்கு, பாதியில எது எவ்வளவு வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. பயணத்துக்கு 200 மில்லிக்குன்னே வர்ற சின்ன பாக்கெட் மெடிக்கல்ல கேட்டு வாங்குங்க. 1 லிட்டர் பாக்கெட்தான் கையில இருக்குன்னா ரயில்ல ஒரு லிட்டர் ரயில் நீர் வாங்குங்க, சீல் பிரிச்சு ஒரு டம்ளர் தண்ணியை மட்டும் தனியா ஊத்தி வச்சுட்டு, பவுடரைக் கொட்டி நல்லாக் குலுக்கி, எடுத்து வச்ச தண்ணியைத் திரும்ப ஊத்துங்க. அளவும் சரி, கலக்கலும் சரி. 24 மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருந்தா கொட்டிடணும்.

பாட்டில்ல போட்டிருக்குற கோட்டை அப்படியே நம்பாதீங்க. "750 மில்லி"ன்னு ஒட்டியிருக்கும், அது கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப ஊத்துனாத்தான் வரும். சீல் பிரிக்காத அரை லிட்டர் தண்ணி பாட்டிலை இதுல ஊத்திப் பாருங்க, எங்க நிக்குதோ அங்க நெயில் பாலிஷ்ல ஒரு கோடு. 200 மில்லிக்கு மெடிக்கல்ல கிடைக்குற ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சுல பத்து தடவை. என் பொண்ணோட பாட்டில்ல ரோஸ் கலர்ல மூணு கோடு இருக்கு.

ஹார்ட், கிட்னி பிரச்சினையால ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு டாக்டர் சொல்லியிருந்தா, மருந்து கலக்குற தண்ணி, பாட்டிலைக் கழுவிக் குடிக்கிற தண்ணி எல்லாமே அந்தக் கணக்குலதான் வரும், மறந்துடாதீங்க.

படி 3: வாயும் மூடியும்

காசு குடுக்குறது உண்மையில இதுக்குத்தான். வாய் அகலமா இருக்கணும், நாலு விரல் சேத்து உள்ள போகணும், அப்போதான் சாஷேயை சிந்தாம கொட்ட முடியும், உள்ள கைவிட்டுக் கழுவவும் முடியும். ஆனா ஓடுற பஸ்ல அகல வாய்ல குடிச்சா சட்டைதான் குடிக்கும். இதுக்கு ஒரு வழி இருக்கு, பெரிய மூடி ஒண்ணு, அதுக்கு மேலயே குடிக்க சின்ன வாய் ஒண்ணுன்னு ரெண்டடுக்கு மூடி வச்ச பாட்டில், ஜிம்முக்குப் போற பசங்க புரோட்டீன் ஷேக் வச்சிருப்பாங்களே அது மாதிரி. குறுகலான வாய்தான் வீட்ல இருக்குன்னா பொட்டுக்கடலை பொட்டலம் மடிக்கிற மாதிரி சுத்தமான பேப்பரைக் கூம்பா சுருட்டி அடியில ஒரு ஓட்டை, அவ்வளவுதான் புனல்.

ஸ்ட்ரா, சிப்பர் இது ரெண்டும் கரையுற பவுடருக்கு மட்டும். சூரணம்னா ஸ்ட்ரா அடைக்கும், இசப்கோல்னா என் கதை தெரியுமே.

மூடிக்குள்ள இருக்குற வாஷரை நகத்தால நெம்புனா தனியா வரணும். ஒட்டிப் போட்ட வாஷர்னா வாங்காதீங்க, அதுக்கு அடியில பவுடர் போய் உக்காந்து கருப்பா பூஞ்சை பிடிக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. வாங்குனதும் தண்ணி ரொப்பி, மூடி, ஒரு பழைய நியூஸ்பேப்பர் மேல தலைகீழா ராத்திரி பூரா வைங்க. காலையில பேப்பர் நனைஞ்சிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. பட்டன் மூடின்னா பூட்டுற கொக்கி இருக்கான்னு பாருங்க, பையில ஏதாவது அமுக்கி தானா திறந்துக்கும். என்னைக் கேட்டா பழைய திருகு மூடியை மிஞ்சுனது எதுவும் இல்ல. ஆனா கை மூட்டு வலி உள்ள பெரியவங்க திறப்பாங்களான்னு கடையிலயே அவங்க கையில குடுத்துப் பாக்கணும், எங்க அத்தையால சில பாட்டிலைத் திறக்கவே முடியல.

பொங்குற மருந்தை எந்த மூடி போட்ட பாட்டில்லயும் போடாதீங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்ல அத்தைக்கு நெஞ்சு எரியுதுன்னு ஃபிளாஸ்க்ல உப்பைப் போட்டு பழக்க தோஷத்துல மூடி குலுக்கிட்டேன், திறந்ததும் புஸ்ஸுனு அடிச்சு அத்தை சேலை, பக்கத்துல உக்காந்திருந்தவர் பேப்பர், எல்லாம் எலுமிச்சை வாசம். வாயு வெளிய போக வழி வேணும், அதனால திறந்த டம்ளர், நுரை அடங்குற வரைக்கும் பொறுமை.

படி 4: பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா, செம்பா

அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 5ன்னா பாலிபுரொப்பிலீன், வெந்நீர் தாங்கும், எடை கம்மி, விழுந்தாலும் லேசுல உடையாது, என் ஓட்டு இதுக்குத்தான். 1ன்னா தண்ணி பாட்டில் பிளாஸ்டிக், பச்சைத் தண்ணிக்கு பரவால்ல, டீக்கடையில வெந்நீர் வாங்கி ஊத்துனீங்கன்னா கண்ணு முன்னாடியே சுருங்கும். 7 போட்டது பல சரக்கு கலந்த ரகம், அதுல பாலிகார்பனேட்டும் வரும் டிரைட்டானும் வரும், பிபிஏ (பாலிகார்பனேட்ல இருந்து இறங்கக்கூடிய ஒரு ரசாயனம்) இல்லைன்னு தெளிவா எழுதியிருந்தா மட்டும் வாங்குங்க.

எவர்சில்வர் 304 கிரேடுன்னா, அதாவது 18 சதவீதம் குரோமியம் 8 சதவீதம் நிக்கல், மருந்து கலந்து உடனே குடிக்கிறதுக்கு நல்லாவே இருக்கும், வாடையும் பிடிக்காது. ஆனா உப்புச் சரக்கை நாள்கணக்குல ஊற விடக்கூடாது, புள்ளி புள்ளியா அரிக்கும். உள்ள கட்டி இருக்கா, அடியில தங்கியிருக்கான்னு கண்ணுக்குத் தெரியாதுங்கிறதுதான் இதுல பெரிய குறை.

செம்பு பாட்டில் இப்போ எல்லார் வீட்லயும் இருக்கு, கல்யாணத்துல தாம்பூலத்தோடயே குடுக்குறாங்க. தண்ணி குடிக்கிறதோட நிறுத்திக்கங்க. சிட்ரிக் ஆசிட் இருக்குற எந்த மருந்தும், எலுமிச்சை ஃபிளேவர் போட்டதும் செம்பை அரிச்சு உள்ள இறக்கும், குமட்டல் வாந்தின்னு அது வேற தொல்லை. அசிட்டைல்சிஸ்டீனுக்கு செம்பு, இரும்பு, ரப்பர் மூணுமே ஒத்துக்காது, கண்ணாடி டம்ளரோ பிளாஸ்டிக்கோதான். கண்ணாடி பாட்டில் சுத்தத்துல ராஜா, ஆனா பஸ் மேல் தட்டுல இருந்து விழுந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

பிளாஸ்டிக்ல வாடை பிடிக்குங்கிறதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. சுக்கு மிளகு திப்பிலி வாசம் அந்த சிலிக்கான் வாஷர்ல ஏறுச்சுன்னா ஆறு மாசம் போகாது, மஞ்சள் சேந்த சூரணம்னா பாட்டிலே மஞ்சளாயிடும். சூரண பாட்டில் சூரணத்துக்கே. அதுல போய் குழந்தைக்கு ஓஆர்எஸ் கலக்குனா ஒரு வாய் குடிச்சிட்டு துப்பிடும்.

படி 5: எதை வச்சு கலக்குறது

ஷேக்கர்ல வர்ற கம்பிப் பந்து சூரணத்துக்கும் நறநற பவுடருக்கும் நல்லா வேலை செய்யுது. இசப்கோலுக்கு வேண்டவே வேண்டாம், கொழகொழப்பு முழுக்க கம்பியில சுத்திக்கும், பாதி மருந்து பந்துலயே நிக்கும். பேட்டரி போட்ட மிக்ஸர் பாட்டிலும் வாங்கிப் பாத்தேன், சத்தம் ஏசி கோச்ல எல்லாரையும் எழுப்பிடுச்சு, கழுவவும் முடியல.

வரிசையும் முக்கியம். கரையுற பவுடர்னா முதல்ல பாதி தண்ணி, அப்புறம் பவுடர், அப்புறம் மீதி தண்ணி. பவுடரை முதல்ல போட்டா பாட்டில் அடி மூலையில களிமண் மாதிரி ஒட்டிக்கும், அதனாலதான் அடிப்பக்கம் மூலை இல்லாம கிண்ணம் மாதிரி வளைவா இருக்குற பாட்டிலா பாத்து வாங்கச் சொல்றேன். சூரணம்னா தலைகீழ், ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு முதல்ல குழைச்சுக்கங்க, ராகி மாவு கரைக்கிற மாதிரி, அப்புறம் மீதி தண்ணி ஊத்துனா கட்டியே வராது. தேனோ நெய்யோதான் அனுபானம், அதாவது மருந்தைக் குழைச்சு சாப்பிடுற துணைப்பொருள்னு வைத்தியர் சொல்லியிருந்தா பாட்டிலையே மறந்துடுங்க, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் ஸ்பூனும் போதும்.

வண்டி நிக்கிற நேரம்னா நம்ம கையில ஏற்கனவே ஒரு மிக்ஸர் இருக்கு, ரெண்டு டம்ளர் வச்சு காபி ஆத்துற மாதிரி நாலு தடவை ஆத்துங்க. எந்த ஷேக்கரும் இதுக்கு ஈடு இல்ல.

இசப்கோலுக்கு நான் கடைசியா முடிவு பண்ணதும் இதுதான். தண்ணி ஒரு பாட்டில்ல, பவுடர் தனியா, மூடி போட்ட 300 மில்லி எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு, நீள ஸ்பூன் ஒண்ணு. டம்ளர்ல தண்ணி ஊத்தி, பவுடரைத் தூவி, அஞ்சாறு சுத்து கலக்கி, உடனே குடிச்சிட்டு, மேல இன்னொரு அரை டம்ளர் தண்ணி. கெட்டியாயிடுச்சுன்னா அதைக் குடிக்க வைக்காதீங்க, கொட்டிட்டு வேற கலக்குங்க, தொண்டையில அடைச்சுக்கிற ஆபத்து நிஜமாவே இருக்கு, அமெரிக்காவுல இதுக்குன்னே டப்பா மேல எச்சரிக்கை போடணும்னு சட்டம் வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல வாய் வைக்காம அண்ணாந்து குடிக்கிற பழக்கம் இருக்கு இல்லையா, மத்ததுக்கு சரி, இதுக்கு கூடாது. தலையைப் பின்னால சாய்ச்சு கெட்டியானதை ஊத்துனா வயசானவங்களுக்குப் புரையேறும். நிமிந்து உக்காந்து, டம்ளர்ல வாய் வச்சு மடக்கு மடக்கா குடிக்கணும். அப்பா முதல்ல ஒத்துக்கல, "எச்சில் பண்ணிக் குடிக்கச் சொல்றியா"ன்னாரு, டம்ளர் அவருக்கு மட்டும்தான்னு பேர் வெட்டிக் குடுத்த பிறகு சமாதானம் ஆயிட்டாரு.

படி 6: பவுடரை எப்படி கொண்டு போறது

கிளம்பும்போதே கலக்கி எடுத்துட்டுப் போகலாமேன்னு தோணும். வேண்டாம். காஞ்ச பவுடரா போகட்டும், குடிக்கிற இடத்துல கலக்குங்க. 1971ல வங்கதேசப் போர் சமயம் மேற்கு வங்கத்துல பான்காவ் அகதி முகாம்ல காலரா பரவி சலைன் தீந்து போனப்போ டாக்டர் திலீப் மகலனாபிஸ் பண்ணது இதைத்தான், கல்கத்தாவுல உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பை அளந்து பாலிதீன் பையில போட்டு சூடான இஸ்திரிப் பெட்டியால வாயை ஒட்டி அனுப்பி, முகாம்ல டிரம்ல தண்ணியோட கலந்து குடுத்தாங்க. எத்தனையோ பேர் உசுரு பொழைச்சாங்க.

சாஷேயா வர்றது சாஷேயாவே இருக்கட்டும். பெரிய டப்பாவுல வர்றதை மட்டும் ஒரு வேளைக்கு ஒரு சின்ன திருகு டப்பான்னு பிரிச்சுக்கங்க, ஒவ்வொண்ணுலயும் மருந்து பேர், அளவு, காலாவதி தேதி எழுதி ஒட்டுங்க. வெள்ளைப் பவுடரை பேர் இல்லாத ஜிப் கவர்ல போட்டுட்டு ஏர்போர்ட்ல நின்னா என்ன கேள்வி வரும்னு யோசிச்சுக்கங்க. விமானத்துல போறவங்க ஒரிஜினல் டப்பா, டாக்டர் சீட்டு ரெண்டும் கைப்பையில வைங்க. இங்க இருந்து வெளிநாடு போற விமானத்துல கைப்பையில தண்ணி 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்க, அதனால காலி பாட்டிலோட செக்கிங் தாண்டி உள்ள போய் ரொப்பிக்கலாம். அமெரிக்கா பக்கம் போறவங்களுக்கு 2018ல இருந்து 350 மில்லி அளவுக்கு மேல பவுடர் இருந்தா தனியா சோதனை பண்ணுவாங்க, வேண்டிய அளவு மட்டும் எடுத்துட்டுப் போங்க.

ஷேக்கர் அடியிலயே பவுடர் வைக்க ஒரு அடுக்கு வச்சு விக்கிறாங்க, வசதிதான், ஆனா ஈரம் இறங்குதான்னு ஒரு டிஷ்யூ பேப்பரை உள்ள வச்சு மேல தண்ணி ரொப்பி ஒரு நாள் பாருங்க. எங்க வீடு திருவான்மியூர் பக்கம், கடல் காத்துல பவுடர் ரெண்டே நாள்ல கட்டி பிடிக்கும், ஐப்பசி மழைன்னா கேக்கவே வேண்டாம். அதுக்காக சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மருந்து டப்பாவுக்குள்ள போடாதீங்க, கண்ணு சரியா தெரியாத பெரியவங்க அதையும் மருந்துன்னு பிரிச்சுடுவாங்க.

சூரணத்துக்கு வைத்தியர் "திரிகடி", "வெருகடி"ன்னு சொல்லியிருப்பாரு, மூணு விரலால அள்ளுறது, அஞ்சு விரல் நுனியால அள்ளுறது. என் விரலும் அம்மா விரலும் ஒண்ணா? கேட்டா அவரே ஸ்பூன் கணக்கு சொல்லிடுவாரு, அந்த ஸ்பூனையே டப்பாவோட கட்டி வச்சுடுங்க. டப்பாவுல வர்ற அளவு ஸ்பூனையும் அதே மாதிரி கூடவே எடுத்துட்டுப் போங்க, ஹோட்டல் ஸ்பூனை நம்பாதீங்க. இன்னொண்ணு, ஒரே பாட்டில்ல ரெண்டு மருந்தை சேத்துக் கலக்காதீங்க, வேலை மிச்சம்னு தோணும். இசப்கோலுக்கும் மத்த மருந்துக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேணும். கொலஸ்டிரமின்னா மத்த மாத்திரையை 1 மணி நேரம் முன்னாடியே போட்டுடணும், இல்ல 4ல இருந்து 6 மணி நேரம் கழிச்சு, இல்லாட்டி அந்த மாத்திரையையும் சேத்து இது பிடிச்சு வச்சுக்கும்.

படி 7: கழுவுறது

குடிச்சு முடிச்சதும் கொஞ்சம் தண்ணி ஊத்தி, மூடி, குலுக்கி அதையும் குடிச்சிடுங்க. மருந்து முழுசா உள்ள போகும், பாட்டிலும் முக்கால்வாசி சுத்தமாயிடும். இசப்கோல் காஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா பிரஷ் போட்டாலும் வராது, அதனால உடனே அலசணும். சோப்பு இல்லாத இடத்துல பாட்டி காலத்து வித்தை ஒண்ணு, ஒரு பிடி அரிசி, கொஞ்சம் வெந்நீர், நல்லாக் குலுக்குனா மூலையில இருக்குறதையெல்லாம் அரிசியே தேய்ச்சு எடுத்துடும். வாடைக்கு எலுமிச்சம்பழத் தோலும் கல்லுப்பும் போட்டு ராத்திரி ஊற வைங்க, எவர்சில்வர் பாட்டில்ல மட்டும் இதை ஊற வைக்காதீங்க. ஈரத்தோட மூடி வச்ச பாட்டில் மறுநாள் திறந்தா வர்ற கப்பு வாடை தெரியுமில்ல, ரயில்ல இருந்தாலும் மூடியைத் தனியா கழட்டி ஜன்னல் ஓரமா காய வைங்க.

படி 8: வீட்லயே ஒரு ஒத்திகை

பயணத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, மருந்து குடிக்கிற ஆளே, நீங்க உதவி பண்ணாம, நாற்காலியில உக்காந்துக்கிட்டே மேஜை இல்லாம மடியில வச்சு, எல்லாத்தையும் பண்ணிப் பாக்கணும். திறக்க முடியுதா, சாஷே கிழிக்க வருதா (சின்ன கத்தரிக்கோல் எடுத்து வைக்க தோணுறது இங்கதான்), கோடு தெரியுதா, குடிக்கும்போது சிந்துதா. எங்க அம்மா இதுல ரெண்டு பாட்டிலை நிராகரிச்சாங்க, ஒண்ணு "வாய் வச்சா மூக்கு இடிக்குது", இன்னொண்ணு "பச்சைக் கலர் எனக்குப் பிடிக்கல". ரெண்டுமே நியாயமான காரணம்தான், பிடிக்காத பாட்டிலை யாரும் தொட மாட்டாங்க.

இப்போ எங்க பையில இருக்குறது: அப்பாவோட பேர் வெட்டுன டம்ளரும் ஸ்பூனும், அம்மாவோட 250 மில்லி 5ம் நம்பர் டப்பா, பொண்ணோட ரோஸ் கோடு போட்ட பாட்டில், நாலு சின்ன ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு கைத்துண்டு. டம்ளரும் டப்பாவும் பாத்திரக்கடையில வாங்குனது, பேர் வெட்டுன கூலியோட சேத்து 300 ரூபாய்கூட ஆகல. அந்த 700 ரூபாய் பாட்டில் மொட்டை மாடியில இருக்கு, அப்பா அதுலதான் துளசிக்குத் தண்ணி ஊத்துறாரு, ஸ்ட்ரா மூடியை மட்டும் எங்க போட்டாருன்னு இன்னும் கேக்கல.